அம்சவள்ளியின் அரை கிளாஸ்

விழுப்புரத்தை அடுத்த காணைக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தக் காலனிக்குப் போய் அம்சவள்ளி வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். "கடைய மூட வச்ச அம்சவள்ளியா?" என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பார்கள். பத்து வருஷத்துக்கு முந்தைய சமாசாரம் அது. பஸ் நிறுத்தத்தை ஒட்டி இருந்த பிராந்திக் கடைக்கு முன்னால் நாற்பது பெண்களைக் கூட்டிவந்து உட்கார வைத்துவிட்டாள். போலீஸ் வந்து எல்லோரையும் வேனில் ஏற்றி, ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்து, மத்தியானம் ஆளுக்கொரு எலுமிச்சை சாதப் பொட்டலம் கொடுத்து, சாயந்திரம் விட்டுவிட்டது. ஒரு மாதத்தில் கடை அங்கே இல்லை. மூடவெல்லாம் இல்லை, இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போனது, அவ்வளவுதான். அதையெல்லாம் யார் கணக்கில் வைக்கிறார்கள்? மூட வைத்தவள் என்று பெயர் நின்றுவிட்டது.

அந்த அம்சவள்ளிதான் இப்போது சனிக்கிழமை தவறாமல், சாயந்திரம் நாலரை மணிக்கு, அரை கிளாஸ் பில்ஸ்னர் பீர் குடிக்கிறாள். ரசித்துக் குடிக்கிறாள். கேட்டால் காலனியே வாயில் கை வைக்கும். அதனால் இதை முழுசாகச் சொல்லிவிடுவதுதான் நியாயம். பாதியாகக் காதில் விழுந்தால் ஒரு நல்ல மனுஷியின் பெயர் நாறிப்போகும்.

அவள் புருஷன் முருகையன் கெட்டவன் இல்லை. குடிக்காத நேரத்தில் தங்கமான ஆள். ஆனால் குடிக்காத நேரம் என்று ஒன்று இருந்தால்தானே! விழுப்புரத்தில் மண்டியில் மூட்டை தூக்குகிற வேலை. வேர்க்கடலையை அங்கே மல்லாட்டை என்பார்கள், அந்த சீசனில் நாளெல்லாம் முதுகு ஒடியும். சனிக்கிழமை கூலி கைக்கு வரும், வந்த கையோடு கடைக்குப் போவான். அங்கே நின்றபடியே, ஒரு தண்ணீர்ப் பாக்கெட்டைக் கடித்து ஊற்றி, முகத்தைச் சுளித்துக்கொண்டு, கசாயம் மாதிரி ஒரே மடக்கில் உள்ளே தள்ளுவான். அப்புறம் இன்னொன்று. பிராந்தி கிடைக்காவிட்டால் பீர், இரண்டு பாட்டில், மூன்று பாட்டில். யாராவது பைக்கில் போட்டுக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போவார்கள். குடிக்கிறவன் சந்தோஷமாகக் குடித்து அம்சவள்ளி அதுவரை பார்த்ததே இல்லை. மருந்தை விழுங்குகிற மூஞ்சியோடு குடிப்பார்கள், பிணம் மாதிரி விழுவார்கள். இதுக்கா இவ்வளவு பேஜாரு என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

மகள் கலைப்பிரியாவுக்குப் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று, முருகையன் பள்ளிக்கூட கேட்டுக்குப் பக்கத்தில் கிடந்தான். மகள் மார்க் வாங்கிக்கொண்டு தோழிகளோடு வெளியே வந்தாள். பார்த்தாள். யாரோ கிடக்கிறான் என்கிற மாதிரி சுற்றிக்கொண்டு போய்விட்டாள். வீட்டுக்கு வந்தும் அழவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அம்சவள்ளியை அறுத்துவிட்டது.

மறுநாள் காலையிலேயே புருஷனைத் திருவாமாத்தூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே கோயிலில் வட்டப்பாறை இருக்கிறது. அதற்கு முன்னால் நின்று பொய் சொன்னால் குடும்பம் தாங்காது என்பது அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. பங்காளிச் சண்டையில் கோர்ட்டு வரை போய் கூசாமல் புளுகினவன்கூட, "ஆமாத்தூர் வரியா?" என்று கேட்டால் பேச்சை மாற்றுவான். அந்த இடத்தில் ஈர வேட்டியோடு நிற்க வைத்து, கையை அவளே பிடித்து நீட்டி, இனி தொடுவதில்லை என்று சத்தியம் வாங்கினாள்.

சும்மா சொல்லக் கூடாது, முருகையன் காப்பாற்றினான். குடியை விடுவதாகக் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு வந்து ஆறு மாதத்தில் அறுத்தெறிகிற ஆட்கள் நிறைந்த ஊரில், ஒன்பது வருஷம் ஒரு சொட்டு தொடவில்லை. முதல் வருஷம் கை நடுங்கும், ராத்திரியெல்லாம் வேர்க்கும், சட்டைப் பையில் மல்லாட்டை உருண்டையை வைத்துக்கொண்டு மென்றுகொண்டே இருப்பான். பல்லு போனதுதான் மிச்சம் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். மகளை டிகிரி படிக்க வைத்து, திண்டிவனத்தில் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணத்தில் அப்பாவும் பெண்ணும் ஒரே இலையில் சாப்பிட்டதைப் பார்த்து அம்சவள்ளி சமையல்கட்டுக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

மகள் போன பிறகுதான் இந்த வேலை வந்தது. கரும்பு வெட்டி வெட்டி அவளுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டிருந்தது. "பாண்டியில பார்லி கம்பெனி, உக்காந்தும் செய்யலாம், நின்னும் செய்யலாம், வேன் உண்டு" என்று விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார். பார்லி என்றால் நீர்க்கடுப்புக்குக் கஞ்சி வைத்துக் குடிக்கிற தானியம். நல்ல காரியம்தானே என்று ஏறி உட்கார்ந்தாள்.

போய் இறங்கினால், ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு எவர்சில்வர் டேங்குகள். வெந்நீரும் தானியமும் கலந்த வாசனை ஆளைத் தூக்கியது. மேற்பார்வை பார்க்கிறவர் பிரேம்குமார், முப்பத்தைந்து வயசு இருக்கும், பெங்களூரில் தொழில் கற்றுக்கொண்டு வந்தவர்.

"சார், இது இன்னா கம்பெனி?" என்று கேட்டாள்.

"பீர் காய்ச்சுறோம்க்கா. லாகர், பில்ஸ்னர்."

தலையில் மாட்டியிருந்த தொப்பியைக் கழற்றி அவர் மேசையில் வைத்துவிட்டாள் அம்சவள்ளி. "நான் கடைய மூடுனவ சார். நான் இதுல கைய வெக்க மாட்டேன்."

பிரேம்குமார் சிரிக்கவில்லை. "எங்கூரு திண்டிவனம்தான்க்கா. எங்கம்மா இன்னி வரைக்கும் சொந்தக்காரங்ககிட்ட, எம்புள்ள கெமிஸ்ட்ரி வேல பாக்குறான்னுதான் சொல்லிக்கினு இருக்காங்க. நீங்க குடிக்க வேணாம், டேங்க் கழுவுங்க போதும். வேன் சாயந்திரம்தான் திரும்பும். அது வரைக்கும் இருந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்றார்.

இருந்து பார்த்தாள். அப்படியே மூன்று வருஷம் ஆகிவிட்டது. சுத்தமான வேலை, காலாகாலத்தில் சம்பளம், அதட்டாத மனுஷன். வீட்டில் முருகையனிடம், "பார்லிய ஊற வெக்கிறோம், காய்ச்சுறோம், டேங்க்குல புடிச்சி வெக்கிறோம்" என்று மட்டும் சொன்னாள். பொய் இல்லை. மீதியைச் சொல்லவில்லை. நடுங்கி நடுங்கி எழுந்து நின்ற மனுஷன் காதில் அந்த வார்த்தை விழ வேண்டாம் என்றுதான் நினைத்தாள். "பார்லி ஒடம்புக்கு நல்லது" என்றான் அவன். அதோடு விட்டுவிட்டான்.

ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த வேலையில் வியாழக்கிழமைதோறும் ஒரு வழக்கம் உண்டு. லாகர் என்பது அவசரத்துக்கு ஆகிற சரக்கு இல்லை. ஐஸ் போலக் குளிர்ந்த டேங்கில் ஐந்து வாரம், ஆறு வாரம் அசையாமல் கிடந்து தெளிய வேண்டும். அதற்குள் ஏதாவது கெட்டுப்போனால் டேங்கையே சாக்கடையில் திறந்துவிட வேண்டியதுதான். அதனால் பிரேம்குமார் மூன்று கிளாஸ் வைப்பார். இரண்டு ஒன்று போல இருக்கும், ஒன்று வேறு. வேறு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஆறு பேர் வேண்டும். ஒரு வியாழக்கிழமை ஒருத்தன் காய்ச்சலில் வரவில்லை.

"அக்கா, வா, மோந்து பாத்து மட்டும் சொல்லு. மோந்து பாத்தா ஒண்ணும் பாவம் கெடையாது" என்று கையைப் பிடித்து இழுத்தாள் ஆரோக்கியசெல்வி. பாட்டில் பக்கம் வேலை செய்கிறவள், வாயாடி. அம்சவள்ளி வேண்டா வெறுப்பாக மூக்கை நீட்டினாள். முதல் கிளாஸில் முளைகட்டிய கேப்பையை வறுத்த வாசனை. கலைப்பிரியாவுக்குச் சின்ன வயசில் அவள் கையால் முளைகட்டி, காயவைத்து, வறுத்து அரைத்த மாவு அப்படித்தான் மணக்கும். இரண்டாவதிலும் அதே. மூன்றாவதில் வேறு ஏதோ மேலே நின்றது.

"இதுல வெண்ணெ உருக்குன வாசன வருது சார்."

பிரேம்குமார் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். அந்த டேங்க் இன்னும் வேலை முடிக்கவில்லை, இரண்டு நாள் விட்டால் அந்த வாசனை போய்விடும் என்றார். அடுத்த வியாழனிலிருந்து அவளும் ஆறு பேரில் ஒருத்தி. வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பிவிடுவாள். துப்பித் துப்பி இரண்டு வருஷம் ஓடிவிட்டது. அதற்குள் லாகர் சாது, பில்ஸ்னர் கொஞ்சம் வாய்க்காரி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பில்ஸ்னரும் லாகர் வகைதான், ஆனால் கசப்பு கூட, அதைப் பயப்படாமல் முன்னால் காட்டும்.

போன சித்திரையில் ஒரு சனிக்கிழமை. அக்கினி வெயில். டேங்குக்குள் இறங்கி வெந்நீர் அடித்துக் கழுவிவிட்டு, குளித்து உடுப்பு மாற்றிக்கொண்டு வெளியே வந்தாள். சனிக்கிழமை வேலை முடிந்ததும் குளிர் அறைக்குப் பின்னால் பாட்டில் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, வேண்டியவர்கள் ஆளுக்கொரு கிளாஸ் குடித்துவிட்டு வேன் ஏறுவது அங்கே பழக்கம். அம்சவள்ளி எப்போதும் தள்ளி உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருப்பாள். அன்று என்ன தோன்றியதோ, "எனக்கும் அரை கிளாஸ் ஊத்துடி" என்றாள்.

ஆரோக்கியசெல்வி, "மாதாவே!" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு ஊற்றினாள்.

துப்பாமல் விழுங்கிய முதல் வாய் அது. குளிர்ச்சி தொண்டையைத் தொட்டது, பின்னாலேயே சுண்டைக்காய் வற்றல் மாதிரி ஒரு கசப்பு எழுந்தது, எழுந்த வேகத்தில் அடங்கி, வறுத்த தானியத்தின் இனிப்பை வாயில் வைத்துவிட்டுப் போனது. மறு வாய்க்கு அவள் அவசரப்படவில்லை. நுரை மெல்ல மெல்ல அமுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு மல்லாட்டை மென்றாள், இன்னொரு வாய் குடித்தாள். யாரும் கூப்பிடவில்லை, யாருக்கும் சோறு போட வேண்டியதில்லை, முழங்கால் நீட்டியபடி நீட்டியிருந்தது. நாற்பத்தெட்டு வயசில், தனக்கென்று தன் வாய்க்கு ஒன்று பிடித்துப்போய், அதை உட்கார்ந்து நிதானமாக அனுபவித்தது அதுதான் முதல் தடவை. தப்பா? தப்பு என்று சொல்கிறவர்கள் ஒரு நாள் அந்த டேங்குக்குள் இறங்கிக் கழுவிவிட்டு வந்து சொல்லட்டும்.

அரைதான். அடுத்த வாரமும் அரை. ஆரோக்கியசெல்வி ஊற்ற வந்தால் கிளாஸை மூடிக்கொள்வாள். சென்னையிலிருந்து காரில் வந்து, கம்பெனியின் முன்பக்கத்தில் இருக்கிற பாரில் கிளாஸைப் போட்டோ பிடித்துவிட்டு மூன்று நான்கு என்று போடுகிற கூட்டத்தைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். இதுகளுக்கு வாய் இருக்கிறதா, வெறும் தொண்டைதானா என்று கேட்பாள்.

ஆனால் வேன் விழுப்புரத்தை நெருங்க நெருங்க, வாயை மூன்று தடவை கொப்பளிப்பாள், ஏலக்காய் மெல்லுவாள், வீட்டுக்குப் போனதும் வெங்காயம் அரிவாள். இப்படியே எட்டு மாதம்.

எட்டாவது மாதத்தில்தான் முருகையனிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. தெரிந்தது என்ன, முன்பே தொடங்கியிருக்க வேண்டும், அவள் கவனிக்கப் பயந்துகொண்டு கவனிக்காமல் இருந்தாள். சனிக்கிழமை ராத்திரியானால் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வெளியே வேப்ப மரத்தடிக்குப் போய்விடுவான். "புழுக்கமா கீது" என்பான், மார்கழிப் பனியில். அவள் சோறு போட வந்தால் தட்டை வாங்கிக்கொண்டு தள்ளிப் போய் உட்காருவான். ஒரு சனிக்கிழமை அவள் கிட்டே போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சுடுபட்டவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சரி, தெரிந்துவிட்டது என்று முடிவு செய்தாள் அம்சவள்ளி. எட்டு மணிக்கு மேல் அவன் மூக்கைத் தூக்கிக் காற்றை இழுப்பதை இரண்டு தடவை பார்த்துவிட்டாள். குடிகாரன் மூக்கை ஏலக்காய் ஏமாற்றுமா? வாய் திறந்து கேட்டுத் தொலைத்தாலாவது பரவாயில்லை. யோவ், ஆமாம்யா என்று சொல்லிவிடலாம். கேட்காமல் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போகிறானே! ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் அவனைப் பார்த்த பார்வையை இப்போது அவன் அவளுக்குத் திருப்பிக் கொடுக்கிறான் என்று நினைத்தாள். கொடுக்கட்டும், நியாயம்தானே என்றும் நினைத்தாள். நினைத்துவிட்டு அழுதாள்.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முருகையன் வேலைக்குப் போகவில்லை. "லீவு சொல்லிடு. ஆமாத்தூர் போவணும். நீயும் வா" என்றான். முகம் சுண்டிப்போயிருந்தது.

டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு அம்சவள்ளி தனக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனாள். பாறை முன்னால் நிற்க வைத்துக் கேட்பான். குடிச்சியா என்பான். இல்லை என்று அங்கே சொல்ல முடியாது. ஆமாம் என்றால், இனி தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணு என்பான். பண்ணியாக வேண்டும், அவள் வாங்கினது போல அவனும் வாங்குவான். வேலை போகும். அந்த கிரேட்டு, நாலரை மணி வெயில், அரை கிளாஸ், எல்லாம் போகும். போனால் போகட்டும், இந்த மனுஷன் மூஞ்சி திரும்பினால் போதும் என்று ஒரு நிமிஷம் தோன்றும். ஏன் போக வேண்டும் என்று அடுத்த நிமிஷம் ஆத்திரம் வரும்.

கோயிலுக்கு வெளியே குழாயடியில் முருகையன் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தான். வட்டப்பாறைக்கு முன்னால் இரண்டு பேரும் நின்றார்கள். கையை நீட்டு என்பான் என்று அவள் காத்திருந்தாள்.

அவன் தன் கையை நீட்டினான்.

"அம்சா, நீ சாட்சியா நில்லு. நான் திரும்பச் சத்தியம் பண்ணிடறேன். எனக்குத் திரும்ப வந்துடிச்சி."

"இன்னா வந்துடிச்சி?"

"குடி" என்றான். "சனிக்கெழமையானா பீரு வாசன வருது. வூட்டுக்குள்ளயே வருது. எங்கேர்ந்து வருதுன்னு தேடித் தேடிப் பாத்துட்டேன். சட்டயத் தொவச்சிப் போட்டேன், பாயி தலவாணிய வெயில்ல போட்டேன். எங்கயும் இல்ல. என் ஒடம்புலேர்ந்துதான் வருது. சனிக்கெழம நான் குடிச்ச நாளு. ஒம்போது வருஷம் ஆனாலும் ஒடம்பு மறக்கல அம்சா. அதான் உம் பக்கத்துலயே வர்றதில்ல. என் நாத்தம் உம்மேல படக் கூடாதுன்னு."

அட பாவி மனுஷா! எட்டு மாதமாக இவன் தன்னையே மோந்து பார்த்துக்கொண்டு, தனக்குள் பேய் திரும்பிவிட்டது என்று நடுங்கிக்கொண்டு, பனியில் போய்ப் படுத்திருக்கிறான். இவளானால் ஏலக்காய் மென்றுகொண்டு, தன்னைத் தண்டிக்கிறான் என்று அழுதுகொண்டிருந்திருக்கிறாள். நீட்டியிருந்த அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"வேணாய்யா. சத்தியம் பண்ணாத. அது நீ இல்ல."

"நான் இல்லன்னா?"

"நான். என் வாய்லேர்ந்து வர்ற வாசனய்யா அது. நான் வேல செய்யறது பீரு கம்பெனி. சனிக்கெழம அரை கிளாஸ் குடிச்சிட்டு வர்றேன். சித்திரலேர்ந்து."

முருகையன் புரியாமல் பார்த்தான். புரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "அப்போ எனக்கு ஒண்ணும் இல்லயா?" என்று கேட்டான். "எனக்கு ஒண்ணும் ஆவலியா?" கேட்டுவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். சாமி கும்பிட வந்த இரண்டு பேர் ஏதோ துக்க வீடு என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள்.

அழுகை நின்ற பிறகுதான் கோபம் வந்தது. "இதே எடத்துல என் கையப் புடிச்சி நீட்டுனவ நீ. எட்டு மாசமா எனக்குப் பைத்தியம் புடிச்சிக்கினு கீதுன்னு நான் நெனச்சிக்கினு இருந்தேன்டி. நீ வெங்காயம் அரிஞ்சிக்கினு இருந்தியா?"

"நீ என்ன வெறுத்துட்டேன்னு நெனச்சேன்."

"கேக்கறதுக்கின்னா?"

"நீ கேட்டியா?"

அவன் பாறையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நல்லா இருக்குமா அது?" என்றான்.

இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் இருக்கிற இடம் அப்படி. "நல்லா இருக்கும்யா" என்றாள்.

"உட்டுடுவியா?"

இதுதான் அவள் பஸ்ஸில் பயந்துகொண்டே வந்த கேள்வி. உட்டுடறேன் என்று ஒரு வார்த்தை, அதோடு எல்லாம் தீர்ந்துவிடும். அவனுக்கும் நிம்மதி, அவளுக்கும் நல்ல பெயர். சொல்ல முடியவில்லை.

"அத மட்டும் இங்க கேக்காதய்யா. இங்க நின்னு சொல்லிட்டு நான் காப்பாத்துவனான்னு எனக்கே தெரியல. நீ காப்பாத்துன. எனக்கு அந்தத் தெம்பு இருக்குதான்னு தெரியல. இல்லாததச் சொல்ல மாட்டேன்."

முருகையன் அவளைத் திரும்பிப் பார்த்தான். "எவ்ளோ குடிப்ப?"

"அரை கிளாஸ்."

"அரைன்னா, அப்புறம்?"

"அப்புறம் வேணாம்னுடுவேன்."

"டேங்க் டேங்கா எதிர்ல நிக்கும். ஊத்தக் கூப்புடுவாங்க. நீ வேணாம்னுட்டு ஏந்திரிச்சி வந்துடுவியா?"

"ஆமா. வேன் வந்துடும்ல?"

நிலாவுக்குப் போய்வந்தேன் என்று அவள் சொல்லியிருந்தாலும் அவன் அவ்வளவு ஆச்சரியப்பட்டிருக்க மாட்டான். "எனக்கு அரைன்னு ஒண்ணு இருந்ததே இல்ல அம்சா" என்றான். வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தான். சத்தியம் எதுவும் பண்ணவில்லை, பண்ணச் சொல்லவும் இல்லை. பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான்.

மூன்று நாள் பேச்சு இல்லை. ஆனால் கட்டில் வீட்டுக்குள் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாப்பிட்டு முடித்து, தட்டில் கை கழுவிக்கொண்டே சொன்னான். "நாளிக்கி மண்டிலேர்ந்து நேரா திண்டிவனம் போறேன். பாப்பா வூட்டுல படுத்துட்டு ஞாயித்துக்கெழம வந்துடறேன். இனிமேட்டு சனிக்கெழமன்னா அப்புடித்தான். பேரப் புள்ளயப் பாத்த மாதிரியும் இருக்கும்."

"வேணாய்யா, நான் உட்டுடறேன்."

"அங்க வெச்சி சொல்லாதத இங்க வெச்சி சொல்லாத." கோபம் இல்லாமல்தான் சொன்னான். "எம்மேல வர்றது இல்லன்னு தெரிஞ்சதுக்கு அப்புறமும், அந்த வாசனய நெனச்சா தொண்ட ஊறுது. ஒம்போது வருஷம் ஆச்சி, இன்னும் ஊறுது. உம்மேல கோவம் இல்ல அம்சா. எம்மேல எனக்கு நம்பிக்க இல்ல. நீ குடிச்சிட்டு வா, நான் தள்ளி இருந்துக்கறேன். ரெண்டு பேரும் மறைக்க வேணாம்."

சனிக்கிழமை நாலரை மணிக்கு அம்சவள்ளி கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆரோக்கியசெல்வி ஊற்றினாள். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமலே இருந்தாள். "இன்னாக்கா, துப்பப் போறியா?" என்றாள் ஆரோக்கியசெல்வி. அம்சவள்ளி ஒரு வாய் குடித்தாள். ஆறு வாரம் தெளிந்த புது பில்ஸ்னர், இந்த வருஷத்திலேயே நல்ல டேங்க் அது. மனசில் பாரம் இருந்தால் வாய்க்கு ருசி தெரியாது என்பார்கள், அதெல்லாம் சும்மா. நன்றாகத் தெரிந்தது. கடைசிச் சொட்டு வரைக்கும் நிதானமாகக் குடித்துவிட்டு வேன் ஏறினாள்.

வீட்டைத் திறந்து விளக்கைப் போட்டபோது மணி ஏழு. போன் அடித்தது. திண்டிவனத்திலிருந்து முருகையன். பின்னால் பேரப்பிள்ளையின் சத்தம் கேட்டது.

"வந்துட்டியா?"

"இப்பத்தான்யா."

"குடிச்சியா?"

"ம்."

அந்தப் பக்கம் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சிய்யா. இன்னிக்கிப் புது டேங்க், கசப்பு..."

"போதும், போதும்" என்று அவசரமாகத் தடுத்தான். "நல்லா இருந்துச்சான்னு மட்டும் சொல்லு அம்சா. எப்புடி இருந்துச்சின்னு சொல்லாத."

அம்சவள்ளி போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "சாப்ட்டியா?" என்று கேட்டாள்.